ஒப்பந்தத்துக்குச் சாட்சி நின்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தில் விளைச்சலை ஒரு கம்பனிக்கு முன்பேசிய விலைக்கு விற்கும் நெல் ஒப்பந்தப் படிவங்களில் நாங்கள் கையொப்பமிட்டபோது மேசையின் மறுபக்கம் அமர்ந்திருந்த அதிகாரிகளுக்கும், அதே திட்டத்தை வரும் காலபோகத்தில் (மாரிக்கால நெற்செய்கையில்) யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியின் ஏனைய கிராமங்களுக்கும் விரிவாக்கப்போவதாக அறிவித்திருப்பவர்களுக்கும்,

போன போகத்தின் கணக்கே இன்னும் தீரவில்லை. அதற்குள் அடுத்த போகத்துக்கு ஆள் சேர்க்கிறீர்கள். விரிவாக்கத்தை அறிவித்த கூட்டத்தில் அயலூர்ப் பெண் ஒருவர் எழுந்து, தன் நெல்லில் கழித்த கிலோக்களுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்று கேட்டார். "அது கம்பனிக்கும் உங்களுக்கும் இடையிலான தனிப்பட்ட உடன்படிக்கை. நாங்கள் அதில் தலையிட முடியாது" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நான் கேட்கிறேன்.

தனிப்பட்ட உடன்படிக்கை என்றால், எங்களை மண்டபத்துக்கு அழைத்த கடிதம் ஏன் உங்கள் அலுவலகத்தின் பெயரில் வந்தது? படிவத்தின் கடைசிப் பக்கத்தில், சாட்சி என்று போட்ட இடத்தில், உங்களில் ஒருவரின் கையொப்பமும் முத்திரையும் ஏன் இருக்கின்றன? கம்பனிக்காரர் தனியே வந்திருந்தால் எங்களில் பாதிப்பேர் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அரசாங்க உத்தியோகத்தர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் பேனையைக் கையில் எடுத்தோம். அந்த நம்பிக்கையைக் கம்பனிக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் நீங்கள். நெல் நிறுக்கும் நாளில் மட்டும் உங்களைக் காணவில்லை.

நான் எங்கள் கமக்காரர் அமைப்பின் கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவன். சொந்தத்தில் பதினான்கு பரப்பும் குத்தகைக்குப் பத்துப் பரப்பும், எல்லாமாக ஒன்றரை ஏக்கர் விதைக்கிறேன். என்னைவிடக் கூடுதலாக விதைப்பவர்கள் எங்கள் அமைப்பில் சிலர்தான். எட்டுப் பரப்பு, பத்துப் பரப்புக்காரர்களே அதிகம். ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இதை மனத்தில் வைத்து எழுதியதாகத் தெரியவில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் செய்யும் கமக்காரரை நினைத்து எழுதியதை அப்படியே எங்களிடம் கொண்டுவந்தது போல இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. புரட்டாதியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, தை மாசியில் வெட்டு. ஆண்டுக்கு ஒரே ஒரு போகம். அது தவறினால் சிறுபோகத்தில் (கோடைப் போகத்தில்) ஈடுசெய்யலாம் என்ற பேச்சே எங்களுக்கு இல்லை.

விலையிலிருந்து தொடங்குகிறேன். 2024 புரட்டாதியில் நாங்கள் ஒப்பமிட்டபோது சிவப்பு நெல்லுக்கு, அதாவது ஏ.ரி. 362 இனத்துக்கு, கிலோ 112 ரூபாய் என்று எழுதப்பட்டது. விதைப்புக்கு முன்னரே விலை தெரிகிறது என்பதுதான் உங்கள் பிரசாரத்தின் முதல் வரி. உண்மையில் அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அரசாங்கம் தான் நெல் வாங்கும் உத்தரவாத விலையை அறிவித்தது: நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச் சம்பா 132. எங்கள் நெல் அந்தப் பட்டியலில் நாட்டு ரகம். அறிவிப்பு வந்தபோது நாங்கள் சுனாமி என்று சொல்லும் வெட்டு இயந்திரம் வயலுக்குள் இறங்கி நாளாகிவிட்டது. எட்டு ரூபாய் வித்தியாசத்தைக் கேட்டோம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார்கள். சரி. ஆனால் அதே ஒப்பந்தத்தில் சந்தை விலை வீழ்ந்தால் என்ன நடக்கும் என்று தேடிப் பாருங்கள். "தரம் திருப்தியளிக்காவிடின் கொள்வனவை மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு" என்று ஒரு வரி இருக்கிறது. தரத்தை அளப்பது யார் என்ற வரி எங்கும் இல்லை. விலை ஏறினால் எங்கள் கையொப்பத்தைக் காட்டுகிறார்கள். இறங்கினால் தரத்தைக் காட்டுவார்கள்.

அந்தத் தரம் அளக்கப்பட்ட விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வருமானம் போன வழி அதுதான்.

கொள்வனவு நிலையத்தில் மூட்டைகளை இறக்கியதும் கம்பனிப் பையன் ஒருவர் குத்தூசியோடு வந்தார். அடுக்கின் மேல் மூட்டைகளை விட்டுவிட்டு, இரவு முழுவதும் சீமெந்துத் தரையில் கிடந்த அடி மூட்டையில் குத்தினார். விழுந்த ஒரு பிடி நெல்லை ஈரமானியில் போட்டு, எண் தெரியும் பக்கத்தைத் தன் நெஞ்சுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "பதினெட்டு" என்று சொல்லி எழுதினார். என் பின்னால் நின்ற எழுபது வயதுக் கமக்காரர் அதே மூட்டையில் இரண்டு நெல்லை எடுத்து உமி நீக்கிப் பல்லில் வைத்துக் கடித்தார். ஈர நெல் நசியும், காய்ந்த நெல் டக்கென்று உடையும். அது உடைந்தது. "உடைகிறதே, தம்பி" என்றார். "எனக்கு மீற்றர் சொல்வதுதான் கணக்கு, ஐயா" என்றார் பையன். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, அவரும் நாட்சம்பளக்காரர். அந்த ஈரமானி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று கேட்க அங்கே உங்களில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

மீற்றர் சொன்னது சரி என்றே வைத்துக்கொள்வோம். நூறு கிலோ நெல்லில் 18 சதவீதம் ஈரம் என்றால் உலர்ந்த பொருள் 82 கிலோ. அதை விற்கத்தக்க 14 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் எஞ்சுவது 95 கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே நியாயப்படி கழிக்கவேண்டியது ஐந்து கிலோவுக்கும் குறைவு. கழித்தது பத்துக் கிலோ. 90 கிலோவுக்கு 112 ரூபாய்ப்படி கையில் வந்தது 10,080 ரூபாய். அதே நெல்லை நாங்களே காயவைத்து உத்தரவாத விலைக்குக் கொடுத்திருந்தால் 11,400 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். நூறு கிலோவுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய் போனது. எட்டு ரூபாய் வித்தியாசத்தை நாங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கையில், இந்த ஆயிரத்து முந்நூறில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை கழிவுக் கணக்கில் சத்தமில்லாமல் போய்விட்டது.

இன்னும் ஒன்று. அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? முன்பு அரிவாளால் வெட்டி, கதிரைக் காயவிட்டு, போராக அடுக்கிச் சூடு வைத்துப் பிறகு மிதித்தோம். நெல் சாக்குக்கு வரும்போதே காய்ந்திருக்கும். இப்போது ஒப்பந்தப்படி வெட்டு இயந்திரத்தை அனுப்புவது கம்பனி. எந்த நாளில் அனுப்புவது என்பதும் அவர்கள் முடிவு. தைப் பனி விலகாத காலையில் இயந்திரம் வந்து நின்றால், வெயில் ஏறட்டும் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்பார்கள். வீதியோரத்தில் கொட்டிக் காயவிட இரண்டு நாள் கேட்டோம். அன்றே ஏற்ற வேண்டும் என்றார்கள். ஈரத்தோடு வெட்டியவரும் அவர்கள், ஈரத்துக்குக் கழித்தவரும் அவர்கள்.

பணம் எப்போது வந்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். எங்கள் ஊரில் விதைப்புக்குக் காசு வங்கிக் கடனாக வருவது குறைவு. மனைவியின் சங்கிலியோ மகளின் காப்போ புரட்டாதியில் அடைவுக்கு (அடகுக்கு) போகும், மாசியில் திரும்பும். உழவுக் கூலி, வரம்பு கட்டும் கூலி, களைநாசினி எல்லாம் அந்த அடைவுக் காசில்தான். ஒப்பந்தத்தில் "கூடிய விரைவில்" பணம் செலுத்தப்படும் என்று இருக்கிறது. அந்தக் கூடிய விரைவு சிலருக்குச் சித்திரை வருடப்பிறப்பைத் தாண்டியது. சிலருக்கு இதுவரை முழுதாக வரவில்லை. காத்திருந்த ஒவ்வொரு மாதத்துக்குமான அடைவு வட்டியை யார் கட்டினார்கள்? ஊர்த் தரகர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் கேட்பார், ஆனால் மூட்டை லொறியில் ஏறும்போது காசை எண்ணித் தருவார். அவரை ஒழிப்பதற்காகத்தான் இந்தத் திட்டம் என்று மேடையில் சொன்னீர்கள். இப்போது எங்களில் சிலர் அவரைத் தேடிப் போய்ச் சுகம் விசாரிக்கிறார்கள்.

வெள்ளத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, நீங்களே கண்டீர்கள். 2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் எங்கள் தாழ்ந்த வயல்கள் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தன. இளம்பயிர் அழுகியது. கடல்நீரேரிப் பக்கத்து வயல்களில் வெள்ளத்தோடு உவரும் ஏறியது. அழிந்த நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வரை இழப்பீடு என்று அரசாங்கம் அறிவித்தது. அது போதாது என்பது வேறு கதை. ஆனால் இயற்கை அழித்ததற்குக் கமக்காரன் பொறுப்பில்லை என்பதை அரசாங்கமாவது ஒப்புக்கொண்டது. கம்பனிப் புத்தகத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லை. கடனாகத் தந்த விதைநெல்லுக்கும் பசளைக்கும் முழு விலையும் எஞ்சிய விளைச்சலிலிருந்து அறவிடப்பட்டது. அதுவும் கடை விலையைவிடக் கூடிய விலையில். விளைச்சல் போதாதவர்களின் மீதிக் கடன் "அடுத்த போகத்துக்கு முன்கொண்டு செல்லப்பட்டது". அதன் பொருள், அவர்கள் அடுத்த போகமும் ஒப்பமிட்டே ஆகவேண்டும் என்பது. விரிவாக்கக் கூட்டத்தில் "பழைய பயனாளிகள் மீண்டும் ஆர்வத்துடன் இணைகிறார்கள்" என்று ஒரு படம் காட்டினீர்கள். அந்த ஆர்வத்தில் எவ்வளவு கடன் என்று என் கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் சொல்லும்.

ஒப்பந்தச் செய்கை சிறு கமக்காரரின் வருமானத்தைக் கூட்டுகிறது என்று பல நாடுகளில் ஆய்வுகள் இருப்பதாகவும் சொன்னீர்கள். இருக்கின்றன. அவற்றை நான் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் நின்று நிலைத்தவர்களை மட்டும் எண்ணினால் வருமானம் கூடியதாகத்தான் தெரியும். இடையில் விலகியவர்களையும், கடனோடு ஒதுங்கியவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். அதோடு, ஒப்பந்தத்தில் விளைந்து வெளிநாட்டுக்குப் போகும் கெர்கின் (ஊறுகாய் வெள்ளரி) பிஞ்சுக்கு உள்ளூரில் சாப்பிட ஆளில்லை. கம்பனி வாங்காவிட்டால் அதை ஆட்டுக்குத்தான் போட வேண்டும். நெல் அப்படியல்ல. அதை விளைவிப்பவனே முதலில் அதைச் சாப்பிடுகிறான். எங்கள் வீடுகளில் வெட்டு முடிந்ததும் முதலில் ஒதுக்குவது சாப்பாட்டு நெல், பிறகு விதைநெல், மிச்சம்தான் விற்பனைக்கு. ஒப்பந்தமோ முழு விளைச்சலையும் தரச் சொல்கிறது. பத்துக் கிலோ ஒதுக்கினாலும் அது மீறல்.

இதன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நூறு கிலோ நெல்லை 112 ரூபாய்ப்படி ஈரக் கழிவே இல்லாமல் கொடுத்தாலும் 11,200 ரூபாய். அந்த நூறு கிலோவைப் புழுக்கி மில்லில் குத்தினால் 65 கிலோ அளவில் அரிசி வரும். 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டு அரிசிக்கு விதித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாய். 65 கிலோ அரிசியைக் கடையில் வாங்க 14,950 ரூபாய். ஆனி ஆடியில் எங்கள் ஊரில், வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அரிசிப் பையோடு சங்கக் கடையில் நிற்கிறார்கள். முன்பு வைகாசியில் ஒருவருக்கு நெல் தீர்ந்தால் அயல் வீட்டில் ஒரு மூட்டை கைமாற்றாக வாங்குவார். இப்போது அயல் வீட்டிலும் இல்லை. தவிடும் குறுணலும்கூட மில்லோடு போய்விடுகின்றன. கோழிக்கும் மாட்டுக்கும் அதையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். உங்கள் அறிக்கையின் வருமானப் பத்தியில் இந்தச் செலவுகள் எந்த வரியில் வருகின்றன?

குத்தகைக்காரர் விடயம் இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாணத்து வயல்களில் பலவற்றின் சொந்தக்காரர்கள் கொழும்பில், கனடாவில், லண்டனில் இருக்கிறார்கள். உழுபவர் வேறு, காணி உறுதியில் (பத்திரத்தில்) பெயர் உள்ளவர் வேறு. கம்பனி உறுதியின் பிரதியைக் கேட்கிறது. அதனால் பத்துப் பரப்புக் குத்தகைக்குச் செய்யும் ஒருவருக்காகக் காணிக்காரரின் சகோதரர் ஒப்பமிட்டார். பணமும் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போனது. அவர் நல்ல மனிதர், எடுத்துக் கொடுத்துவிட்டார். எல்லோரும் அவரைப் போல இருக்கமாட்டார்கள். வயலில் இறங்கி உழைப்பவனுக்கு உரிமை வேண்டும் என்று 1958இல் நெற்காணிச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டமும் குத்தகைப் பயிர்ச்செய்கையாளரைத் தனியே பேசுகிறது. இன்று ஒரு கம்பனிப் படிவம் அவரைப் பெயரில்லாதவர் ஆக்குகிறது, நீங்கள் அதற்குச் சாட்சி.

ஒப்பந்தமே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. 1999இல் மத்திய வங்கி முன்னோக்கிய விற்பனை ஒப்பந்த முறையை அறிமுகப்படுத்தியதே அறுவடைக் காலத்தில் விலை விழுந்து கமக்காரன் நொடிந்துபோகக்கூடாது என்பதற்காகத்தான். விலையை முன்கூட்டி அறிந்து விதைப்பது எங்களுக்கும் நல்லது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற எங்கள் பழைய இனங்களுக்கு நல்ல விலை தரும் கம்பனி வந்தால் நானே முதலில் ஒப்பமிடுவேன். ஆனால் 2021இல் இரசாயனப் பசளையை ஒரே அறிவிப்பில் நிறுத்தி, சில மாதங்களில் திருப்பி எடுத்தபோது விலை கொடுத்தது யார் என்பது எங்களுக்கு மறக்கவில்லை. மேலே முடிவெடுப்பவர்கள் தவறினால் கீழே வயலில் நிற்பவன்தான் கட்டுகிறான். கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். அங்கே ஒப்பந்தத்தை அரசு அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். பிணக்கு வந்தால் விசாரிக்கவும் அதிகாரி உண்டு. அந்தச் சட்டம் அங்கே எப்படி நடக்கிறது என்பதில் ஆயிரம் குறை இருக்கலாம். "நாங்கள் தலையிட முடியாது" என்று மேடையில் நின்று சொல்லும் வசதியாவது அங்குள்ள அதிகாரிக்கு இல்லை.

இனி எங்கள் கோரிக்கைகள்.

போன போகத்தின் நிலுவைகள் முழுதாகத் தீரும்வரை எந்தக் கிராமத்திலும் புதிய ஒப்பந்தத்துக்குக் கூட்டம் வைக்காதீர்கள். நிலுவை யாருக்கு எவ்வளவு, கழிவு யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் எங்கள் அமைப்பிடம் இருக்கிறது. உங்கள் பட்டியலையும் கம்பனியின் பட்டியலையும் கொண்டு வாருங்கள், மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்போம்.

ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். ஒப்பமிடும் ஒவ்வொருவரிடமும் அன்றே பிரதி தரப்பட வேண்டும். ஒரு பிரதி கமநல சேவை நிலையத்தில் பதிவாக இருக்க வேண்டும். இப்போது எங்களில் பெரும்பாலானோரிடம் பிரதி இல்லை. என்னிடம் இருப்பது தொலைபேசியில் எடுத்த படம்.

விலையை ஒப்பந்த விலை, அறுவடைக் கால உத்தரவாத விலை ஆகிய இரண்டில் எது கூடியதோ அது என்று எழுதுங்கள். நிறுவையும் ஈர அளவும் கமக்காரர் அமைப்பின் ஒருவர் முன்னிலையில், எண் இரு தரப்புக்கும் தெரியும்படி நடக்க வேண்டும். ஈரக் கழிவு உலர்ந்த பொருளின் கணக்குப்படி மட்டுமே இருக்க வேண்டும். அதற்கான அட்டவணையை ஒரு பக்கத்தில் அச்சிட்டு நிலையத்தின் வாசலில் ஒட்டுவது பெரிய வேலையல்ல. இயந்திரம் வரும் நாளைக் கமக்காரர் மறுக்கலாம் என்றும், காயவைக்க அவருக்கு நாள் உண்டு என்றும் எழுதுங்கள்.

நெல் கையளித்த பதினான்கு நாட்களுக்குள் பணம் வர வேண்டும். பிந்தினால் அந்தக் காலத்தின் அடைவு வட்டியைக் கம்பனி கட்ட வேண்டும்.

வெள்ளமோ வரட்சியோ அழிவு என்று கமநல உத்தியோகத்தர் உறுதிப்படுத்திய வயலுக்கு விதை, பசளைக் கடன் அழிவின் விகிதத்தில் தள்ளுபடி செய்யப்பட வேண்டும். எந்தக் கடனும் அடுத்த போகத்தில் ஒப்பமிடக் கட்டாயப்படுத்தும் கருவியாக இருக்கக்கூடாது. சாப்பாட்டுக்கும் விதைக்குமான நெல்லை ஒதுக்கிய பிறகு எஞ்சியதே ஒப்பந்தத்துக்குரியது என்று எழுதப்பட வேண்டும். குத்தகைக்குச் செய்பவர் தன் பெயரில் ஒப்பமிடவும், தன் கணக்கில் பணம் பெறவும் கமநல சேவை நிலையத்தின் உறுதிப்படுத்தல் கடிதம் போதுமானதாக இருக்க வேண்டும்.

கடைசியாக, சாட்சி என்ற இடத்தில் இனி ஒப்பமிடும் உத்தியோகத்தர், பிணக்கு வந்தால் இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கும் கடமையையும் எழுத்தில் ஏற்க வேண்டும். அது முடியாதென்றால் அந்தக் கையொப்பத்தை வைக்காதீர்கள், மண்டபத்துக்கும் வராதீர்கள். கம்பனி தனியே வந்து எங்களிடம் பேசட்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை ஆவணி முடிவதற்குள் எழுத்தில் அறியத்தாருங்கள். புரட்டாதியில் நாங்கள் புழுதி உழத் தொடங்கிவிடுவோம். அதற்கு முன் பதில் வராவிட்டால் எங்கள் அமைப்பில் யாரும் புதிய படிவத்தில் ஒப்பமிடுவதில்லை என்று போன பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருக்கிறோம். அதன் பிரதி இந்த மடலுடன் உங்களுக்கு அனுப்பப்படுகிறது.

தென்மராட்சிக் கமக்காரர் அமைப்பொன்றின் கணக்காளன்